ஷவல் என் காருல இருக்கு

ஆர்விட்,

அசந்து தூங்கறே, எழுப்பல. கோழி சூப் அடுப்புமேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. எழுந்திருக்கும்போது இடுப்பைத் திருகாதே. ஒருக்களிச்சு, ரெண்டு காலையும் கீழ விட்டு, கையை ஊனி எழு. உன் தம்பி எய்னோ அவனோட ஷவலைக் கொண்டுவந்து வாசல் பனியை அள்ளுவான். நீ ஷவலைத் தேடாதே, அது என் காருல இருக்கு.

நேத்து நான் கத்தினது தப்புதான். "வார்டு அதட்டலை வீட்டுக்குக் கொண்டுவராதே, மார்லிஸ்"னு நீ சொன்னதும் நியாயம்தான். ஆனா உன்னை மாதிரியே முதுகுல ஆபரேஷன் ஆன ஒருத்தர், பனி அள்ளப் போய், உள்ள வச்ச ஸ்க்ரூ நகர்ந்து, நேத்துதான் என் வார்டுக்குத் திரும்பி வந்தார். "இவர் இனி நடப்பாரா, சிஸ்டர்?"னு அவர் மனைவி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்தா நீ ஷவலோட வாசல்ல நிக்கறே!

கால் மரத்துப்போனாலோ, ஒண்ணுக்குப் போக முடியலன்னாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அப்புறம் என்னை.

மார்லிஸ்

கார் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன், மனசு கேக்கல. உன் உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தேன். வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு, தூக்கத்துலயே என்னைத் திட்டினே. இப்ப கிளம்பறேன்.