இரட்டிப்புக் கல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீங்கள் எல்லோரும் சௌக்கியம்தானே? அப்பாவின் இருமல் தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

கல் பட்டறையில் போன வாரம் ஒரு விபத்து. நான் தள்ளித்தான் நின்றிருந்தேன், பயப்படாதே. வழக்கமான கல்லைவிட நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பான கல் ஒன்று சங்கிலியில் தூக்க வந்தது. "டபுள் சைஸ்தானே, சங்கிலி தாங்கும்பா" என்றார் மேஸ்திரி. தாங்கவில்லை. தங்கும் அறையில் என் பக்கத்துக் கட்டிலில் படுக்கும், கூட வேலை பார்க்கும் அண்ணன் கீழே நின்றிருந்தார். போய்விட்டார்.

மனம் கேட்காமல், உடைந்த கல்லில் நீளம், அகலம், உயரம் சமமான சிறு கட்டிகள் அறுத்துத் தராசில் வைத்தேன். இரண்டு அங்குலக் கட்டிக்கு எதிரே ஓர் அங்குலக் கட்டிகள் எட்டு வைத்த பிறகே தட்டு சமமானது. மேஸ்திரி அவற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "எட்டு மடங்காப்பா? நான்தானே தூக்கச் சொன்னேன்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். இப்போது அளந்து கணக்குப் போடாமல் எந்தக் கல்லையும் தூக்குவதில்லை.

அண்ணனின் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் விடியும்போது, ஆள் எழுந்தால் வருமே, அந்தக் கிரீச் சத்தம் கேட்கிறது. பழைய இரும்பு, அவ்வளவுதான்.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. இரண்டு கட்டிலுக்கும் நடுவே திரை கட்ட வேண்டும். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படுகிறது, வேறொன்றுமில்லை.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்