காலை எட்டு, தெற்குப் பக்கம் பூட்டு

அக்கா,

இன்று காலை சாமிப் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தினேன். சீசாப் பகுதியில் இப்போது நான் இருக்கும் அறைக்கு ஒரேயொரு ஜன்னல். புகை நேராக எழும்பி, சற்றுத் தயங்கி, கதவுப் பக்கம் வளைந்தது. கும்பிட மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது.

ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலைப் பார்த்த அந்தப் பழைய கல்வீட்டில் நான் சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிட்ட வீட்டுக்கார அம்மாவைப் பராமரித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தேன். எண்பதைக் கடந்த, நெஞ்சு பலவீனமான மனுஷி. தொண்ணூற்றைந்து வைகாசியில் வீடு துடைக்கவென்று அவருடைய மகன் உங்களைக் கூட்டிவந்தார். கண்ட முதல் நாளே உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கிழவிக்கு இரண்டு பேர் எதற்கு? என்னை நிறுத்தத்தான் உங்களைப் பழக்குகிறார் என்று நினைத்தேன்.

நீங்கள் செய்தவையும் அப்படித்தான் இருந்தன. துடைப்பதை விட்டுவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பீர்கள். ஒருநாள் ஊதுபத்தியோடு அறை அறையாகப் போனீர்கள். சிஞ்ஞோராவின் கட்டிலடியில், படிக்கட்டில், முற்றத்துச் சின்ன ஜன்னலில் எல்லாம் நின்று நின்று புகையைப் பார்த்தீர்கள். செய்வினை ஏதும் வைக்கிறீர்களோ என்று எனக்கு உடம்பு கூசியது. கேட்டிருக்கலாம். கேட்டால் பொய்தான் சொல்வீர்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஆடியில் ஒருநாள் நீங்கள் மேலே நின்றபோது உங்கள் பையைத் திறந்தேன். நாலாய் மடித்த ஒரு தாள். அதில் வீட்டின் படம். ஒவ்வொரு கதவும், ஒவ்வொரு ஜன்னலும், சிஞ்ஞோராவின் கட்டிலும் அளவோடு இருந்தன. குறுக்கே அம்புக்குறிகள். ஓரத்தில் உங்கள் கையெழுத்து: “காலை 8, தெற்குப் பக்கம் பூட்டு. பின்னேரம் 7, எல்லாம் திற. முற்றத்து ஜன்னல், ஈரத்துணி. மொட்டைமாடிக் கதவு, ஆணி கழற்ற வேணும்.”

கள்ளருக்கு வழிகாட்டும் படம். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அன்றே மகனிடம் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கதவு பூட்டுகிற நேரம், திறக்கிற நேரம் என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர் உங்களை முற்றத்தில் நிறுத்திக் கத்தினார். குவெஸ்தூராவில், பொலிசில், சொல்வேன் என்றார். இங்கே தங்குவதற்கான அனுமதியை, உங்கள் பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. விசாரணை என்று ஒன்று வந்தாலே போதும், அது கிடைக்காமல் போக. பதற்றத்தில் உங்களுக்கு இத்தாலியன் வரவில்லை. காற்றுக்கு அவர்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லைத்தான், “ஆரியா, ஆரியா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

“நீராவது சொல்லுமன்.”

நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அன்றோடு உங்கள் வேலை போனது. இரண்டு கிழமை கழித்து சிரோக்கோ என்கிற தெற்குச் சுடுகாற்று அடித்தது. மூன்றாம் நாள் சிஞ்ஞோராவின் உதடு வெளுத்தது. மின்விசிறி நெருப்பையே வீசியது. மகன் வெளியூரில். பின்னேரம்தான் வரலாம், அதுவரை குளிர்மையான இடத்தில் வையுங்கள் என்றார் டாக்டர். அந்த வீட்டில் குளிர்மையான இடம் எங்கே இருந்தது?

மகன் மேசை லாச்சிக்குள் எறிந்து மூடியிருந்த உங்கள் தாளை எடுத்து விரித்தேன். இந்த முறை அம்புகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் முற்றத்துச் சின்ன ஜன்னலில் தொடங்கி, கட்டிலைத் தாண்டி, படிக்கட்டால் ஏறி, மொட்டைமாடிக் கதவால் வெளியே போயின. அந்த ஜன்னலால் ஒரு பூனை நுழைவதே கஷ்டம்.

தெற்குப் பக்கப் பலகைக் கதவுகளை எல்லாம் அடைத்தேன். குறடால் ஆணிகளைப் பிடுங்கினேன். படுக்கை விரிப்பொன்றை நனைத்து முற்றத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஈரத்துணி உள்பக்கமாகப் புடைத்தது. படிக்கட்டு மூச்சு இழுப்பது போல இருந்தது. சிஞ்ஞோரா கண் திறந்து, “ஆரியா,” என்றார்.

மகன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் தாயைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். போய்க் கூட்டிவா என்றார்.

கால்சாவில் நீங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில் வந்து நின்றேன். நீங்கள் உள்ளே கூப்பிடவில்லை.

“சிஞ்ஞோரா எப்பிடி?”

“சுகம். அக்கா, நான் அந்தப் படத்தை…”

“யாழ்ப்பாணத்திலை பதினொரு வருஷம் வீட்டுப் படம் கீறினனான். இஞ்சை ஆர் அதைக் கேட்டது? இந்தக் கோடை தாங்காட்டித் தாயை வயோதிபர் இல்லத்திலை விடப்போறன் எண்டு மகன் போனிலை கதைச்சவர். விட்டால் உமக்கும் வேலையில்லை, எனக்கும் இல்லை. அதுக்குத்தான் கீறினது.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீர் என்னை ஒரு நாளாவது முகம் பாத்துக் கதைச்சனீரோ?”

திரும்பி வந்தீர்கள். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து போகும்போது கேற்றடியில் நின்று உங்கள் பையை என் முன்னால் திறந்து பிடித்தீர்கள். “வேண்டாம் அக்கா” என்றால், “பரவாயில்லை, பாத்துக்கொள்ளும்” என்பீர்கள். உங்கள் குரலில் கோபமே இருக்காது. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு கோடை அப்படிப் போயிற்று. மூன்றாம் கோடையில் ஒருநாள், “வாறன்” என்று மட்டும் சொல்லி, பையைத் திறக்காமலே பஸ்ஸுக்கு நடந்தீர்கள். அடுத்த நாளும் அப்படியே. மன்னித்துவிட்டீர்களோ, அல்லது உங்களைக் கொண்டுபோன அந்த வருத்தம் அப்போதே உடம்பில் தொடங்கிக் களைத்துப் போயிருந்தீர்களோ, எனக்குத் தெரியாது. கேட்கப் பயந்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் கேட்கிற நிலையில் நீங்கள் இல்லை.

மன்னித்துவிட்டீர்கள் என்று நினைக்கத்தான் ஆசை. யாரையும், எதையும் எளிதில் நம்பாத மனம் என்னுடையது. அது உங்களுக்குத் தெரியும். இந்த ஒன்றையாவது, கையில் அத்தாட்சி இல்லாமல், நம்பப் பழகிக்கொண்டிருக்கிறேன், அக்கா.