பெங்களூரிலிருந்து வந்த கிறிஸ்டல்

மாமா,

நேற்று சேலம் ஐந்து ரோட்டில் மிக்சியை ரிப்பேருக்குக் கொடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஏதோ போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை வாசம் பட்டதுமே, கோழிக்குஞ்சு பொரிக்கும் நம் ஹேச்சரியின் முன்னறையில் நீங்கள் ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

எண்பதுகளின் பிற்பகுதியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோடு உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். அந்தப் படிப்பை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருமுறை இன்குபேட்டரில் சூடு ஏறி, வைத்திருந்த முட்டை அத்தனையும் வீணானது. அப்போதுதான் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, உள்ளே எவ்வளவு சூடு என்று ஊட்டிலிருந்தே பார்க்க வழியுண்டா என்று கேட்டீர்கள். செய்யலாமுங்க மாமா என்றேன்.

மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றை வரவழைத்தீர்கள். அதில் எண்கள் போய்வர இரண்டு சீரியல் போர்ட். ஒன்று இன்குபேட்டரிலிருந்து சூட்டளவை வாங்க, மற்றது வீட்டுக்கு அனுப்ப. இரண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று பார்க்க நடுவில் ஒயர் கொடுத்தேன். ஐந்து என்று அனுப்பினால் மறுபக்கம் என்னவோ வந்தது. ஒயரை மாற்றினேன். ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தேன். ஒவ்வொரு போர்ட்டையும் அதன் வாய்க்கே திருப்பிக் கொடுத்துப் பார்த்தால் சரியாக இருந்தது; சேர்த்தால் குளறியது. அழுகை வந்தது எனக்கு. நீங்கள் ஆளை அனுப்பி எனக்கு டீ வாங்கி வரச் சொன்னீர்கள்.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு போர்ட்டும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. வேகத்தைத் தீர்மானிக்கிற கிறிஸ்டலில் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. அதை இரண்டு போர்ட்டும் வெவ்வேறு விதமாக வகுத்ததில் வேகம் பிசகியது; மீதியில்லாமல் வகுபட எனக்கு வேண்டியது பதினொன்றும் சொச்சமும். சேலத்தில் கிடைக்கவில்லை. எண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு நீங்களே பெங்களூருக்கு பஸ் ஏறினீர்கள். வந்து, சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தபடி சொன்னீர்கள்:

"எதுக்குங்கன்னு கடைக்காரன் கேட்டான் சாமி. எங்க ஊட்டு மருமக கேட்டுச்சுங்க, அது ஏதோ பண்ணுதுங்கன்னேன்."

அதை வைத்ததும் ஐந்து ஐந்தாகவே வந்தது. வீட்டுக் கூடத்தில் சூட்டளவு எண்ணாக எரிந்தபோது நீங்கள் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஹேச்சரிக்கு ஓடி, தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, "சரியாத்தான் இருக்குது" என்றீர்கள். பக்கத்து ஹேச்சரிக்காரர்கள் தங்களுக்கும் வேண்டுமென்று வந்தார்கள். பழைய தீவனக் கிடங்கைச் சுத்தம் செய்து எனக்குப் பட்டறையாகக் கொடுப்பதாகப் பேச்சு. மேசை எங்கே போடுவது என்றுகூட நாம் பார்த்துவைத்தோம்.

அதற்குள் சொத்தைப் பாகம் பிரிக்கும்படி ஆகிவிட்டது. ஹேச்சரியும் கிடங்கும் உங்கள் பெரிய மகனுக்கு என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் முடிவு செய்தார்கள். ஒயரெல்லாம் எதுக்கு, ஆள் போட்டுப் பார்த்துக்கலாம் என்று அவர் அந்த வாரமே எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். எங்களுக்கு வந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இவருக்கு வேலை கிடைத்த சேலத்துக்கு வந்துவிட்டோம். அதற்கப்புறம் நான் போர்டைத் தொடவில்லை.

கடைசிக் காலத்தில் நீங்கள் இங்கே வந்து படுத்த படுக்கையாக இருந்தபோது, காப்பி கொடுத்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிடங்கு உனக்குன்னு அன்னைக்கே சொல்லியிருக்கோணும். வாய் வரலே சாமி" என்றீர்கள். அதுக்கென்னங்க மாமா என்றேன். ஒன்றுமில்லை என்பதுபோல் சொன்னேன். நிறைய இருந்தது. அப்போதாவது இரண்டு பேரும் அதைப் பேசியிருக்கலாம்.

போன மாதம் எங்கள் சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுத உட்கார்ந்தோம். இவரும் மகனும் பேசிக்கொண்டே போனார்கள். மகள் கீழே பார்த்தபடி இருந்தாள். நான் பேச்சை நிறுத்தி, "உனக்கு என்ன வேணுமுன்னு நீ சொல்லு கண்ணு" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அன்று என்னையும் யாராவது கேட்டிருந்தால், என்னிடமும் பதில் இருந்தது, மாமா.