ஏரிச் சேற்றில் மேல் எது?

மார்ச் 3, செவ்வாய்

கண் எரிகிறது. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் மகரந்தத் துகள் எண்ணினேன். ஏரியின் அடியில் குழாயை இறக்கி எடுத்த சேறு. சேறு படியும் வேகத்தை வைத்துப் பார்த்தால், குழாயின் அடியில் இருப்பது முந்நூறு வருடப் பழசு, மேலே இருப்பது நேற்றுப் படிந்தது. மர மகரந்தம் எவ்வளவு, புல் மகரந்தம் எவ்வளவு என்று எண்ணினால் எந்தக் காலத்தில் எவ்வளவு காடு இருந்தது என்று தெரிந்துவிடும். நாட்டின் காடு பற்றிய எங்கள் பெரிய அறிக்கைக்கு இது ஒரு அத்தியாயம்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது? குறைந்திருக்கும்.

"இன்னைக்கு எத்தனை மரம் போச்சு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவர் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'போச்சு'. பால் பொங்கினாலும் போச்சு, பஸ் பிந்தினாலும் போச்சு என்கிறேனாம்.

மார்ச் 9, திங்கள்

வரைபடம் முடிந்தது. எங்கேயோ இடிக்கிறது. அடியில் மரமே இல்லை, புல்லும் கரித்துகளும்தான். மேலே வர வர மரம் கூடுகிறது. கூடுகிறதா?

மார்ச் 10, செவ்வாய்

எங்கள் ஆய்வு நிறுவன இயக்குநர் பார்த்தார், சிரித்தார். "குழாயத் தலைகீழாப் பிடிச்சு மூடி போட்டிருக்கீங்கம்மா. படத்தத் திருப்பிப் போடுங்க, சரியாயிடும்."

திருப்பினால் அறிக்கைக்கு அவர் எழுதிவைத்திருக்கும் முன்னுரைக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது: அன்று அடர்காடு, இன்று பொட்டல்.

படகில் நின்று குழாயை இழுப்பவரிடம் ஓடினேன். குழாய் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மேல் பக்க மூடியில் அம்பு போடுவது அவர் வேலை. மூடியைப் பார்த்தால் அம்பு கரைந்து நீலத் திட்டாக இருக்கிறது.

"நான் சரியாத்தான் போட்டேன். நீங்களும் பக்கத்துலதானம்மா இருந்தீங்க?"

இருந்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் நான் பிடித்திருந்தது குழாயை இல்லை, படகின் விளிம்பை.

போச்சு. நிஜமாவே போச்சு. ஒரு வருஷ உழைப்பு! வயது கணிக்க அனுப்பினால் ஆறு மாதம் ஆகும். அறிக்கை இந்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அண்ணனை இனிமேல் படகில் ஏற்றுவார்களா? பேசாமல் திருப்பிப் போட்டுவிடலாமா? — எது நிஜம்னே தெரியாம எப்படித் திருப்புறது?

மார்ச் 11, புதன்

ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 14, சனி

கீரை அலசுகிறேன் பேர்வழி என்று வீட்டுக்காரர் அலசிய தண்ணீரை அப்படியே பாத்திரத்தில் விட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். திட்டிக்கொண்டே தண்ணீரைச் சாய்த்தேன். அடியில் மணல். அதன்மேல் வழவழவென்று மெல்லிய சேறு.

கை நின்றுவிட்டது.

வெள்ளமும் இப்படித்தானே? கனமான மணல் முதலில் இறங்கும், மெல்லிய சேறு பிறகுதான் படியும். எங்கள் குழாயின் நடுவில் நாலு விரற்கடைத் தடிமனில் ஒரு வெள்ளப் படிவு இருக்கிறதே! இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

"கீரை உன்னை என்ன பண்ணிச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"திங்கக்கிழமை சொல்றேன்."

மார்ச் 16, திங்கள்

குளிர் அறையில் நெடுக்காகப் பிளந்து வைத்திருந்த சேற்றை வெளியே எடுத்தோம். அண்ணன் விளக்குப் பிடித்தார். வெள்ளப் படிவில், 'கீழ்' என்று நாங்கள் குறித்திருந்த பக்கம் சொரசொர மணல். 'மேல்' பக்கம் வழவழ சேறு. குழாய் சரியாகத்தான் இருந்திருக்கிறது! அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அப்படியென்றால் முந்நூறு வருடத்துக்கு முன் இங்கே பொட்டல். சூளைக்கும் அடுப்புக்கும் வெட்டித் தீர்த்திருப்பார்கள். அந்தக் கரித்துகள் வேறு எங்கிருந்து வரும்? பிறகு மரம் திரும்பி வந்திருக்கிறது. மேலே கடைசியாக இருக்கும் கொஞ்சம் சேறு நான் பிறந்த பிறகு படிந்தது. அதிலும் மரம் கூடித்தான் இருக்கிறது. நான் புலம்பிய அத்தனை வருடமும் அது பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகவும்.

மார்ச் 18, புதன்

இயக்குநர் மேசையில் ஒரு கண்ணாடிக் குவளையை வைத்து, மணலும் சேறும் போட்டுக் கலக்கிவிட்டேன். தெளியும்வரை குனிந்து பார்த்தார். பிறகு குளிர் அறைக்கு வந்து படிவைத் தொட்டும் பார்த்தார்.

"அப்ப என் முன்னுரை?"

"அதத்தான் சார் திருப்பிப் போடணும்."

ஒரு நொடி முறைத்தார், அப்புறம் சிரித்துவிட்டார். சூட்டோடு சூடாக இன்னும் நீளமான குழாய் ஒன்று கேட்டேன். சரி என்றார். அச்சையும் மே மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

நீளக் குழாயின் அடிப்பகுதியை மட்டும் எண்ணி முடித்தேன். இந்த முறை அண்ணன் மையை நம்பவில்லை. மூடியில் கத்தியால் நாலு இடத்தில் அம்பு கீறியிருந்தார். பொட்டல் காலத்துக்கும் கீழே, இன்னும் பழைய சேற்றில் மரம், மரம், மரம். அதில் பாதிதான் இன்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது. மீதி இல்லை என்பதும் நிஜம். இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது நல்ல மழை. காலையில் துவைத்துக் கொடியில் போட்ட துணி அத்தனையும் தொப்பலாக நனைந்துவிட்டது. வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காயும்," என்றேன்.