கவருக்குள் இருந்த கவர்

அன்புள்ள பவுனு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. கல் உடைத்த கை. பேனாவை லேசாகப் பிடித்தால் வழுக்குகிறது, அழுத்திப் பிடித்தால் தாள் கிழிகிறது. 'ழ' போடும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். இதை எழுதி முடிக்க நாலைந்து நாள் ஆகும். ஆகட்டுமே, எனக்கு வேறு என்ன வேலை?

ஆமாம், நான் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நீ போன மறு வருஷம் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். இப்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்பதில்லை. மீன்சுருட்டி போகும் பஸ்ஸை நானே போர்டு படித்து ஏறி, நம்ம பொண்ணு வீட்டுக்குப் போய் வருகிறேன். வழியில் வரும் கடைப் பலகையை எல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர், "பெரியவரே, மனசுக்குள்ள படிங்க" என்றார். "அந்தப் பாடம் இன்னும் நடத்தலைங்க" என்றேன்.

ஏன் படிக்கப் போனேன் தெரியுமா? ஒரு கவரைப் படிக்க. உன் கவர்.

நீ பால்வாடியில் ஆயாவாக இருந்தபோது, சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாய். அந்தக் கதைக்கு விதை போட்டது நான். மறந்துவிடாதே. சுண்ணாம்புக்கல் குவாரியில் கல்லாகவே மாறிக் கிடந்த ஒரு நத்தையை டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். "ஏங்க, இது கடல் நத்தையாட்டம் இருக்கு. இங்க ஏதுங்க கடலு?" என்றாய். "எனக்கென்ன தெரியும், அதையே கேட்டுப் பாரு" என்று சிரித்தேன். நீ நிஜமாகவே கேட்டுவிட்டாய் போல. மறுநாளே கடலைத் தேடி அலையும் கல் நத்தை பிள்ளைகளின் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் நோட்டில் எழுத ஆரம்பித்தாய். அனுப்பிய கதைகள் திரும்பி வந்தன. மறுபடி எழுதினாய். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, ஒரு சிறுவர் பத்திரிகையில் நத்தை வந்தது. அதைப் பார்த்துவிட்டு, பெரம்பலூரில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிற ஒருவர், பத்துக் கதை அனுப்பினால் புத்தகமாகப் போடலாம் என்று கார்டு எழுதினார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே 'சார்'தான். "சாருக்கு எழுதணும்." "சார் இதைப் படிச்சா சிரிப்பாரு." நான் சாப்பிட உட்கார்ந்தால், "செத்த இருங்க, இந்த வரிய முடிச்சுட்டு வரேன்" என்பாய். குழம்பு ஆறிப்போகும். எனக்கு வயிறு எரியும், பசியினால் இல்லை.

தாளைப் பார்த்து நீயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். என்னோடு இருந்தபோது ஒரு நாளாவது அப்படிச் சிரித்தாயா பவுனு? "படிச்சுக் காட்டவாங்க?" என்று எத்தனை முறை கேட்டாய்! "வேலை கெடக்கு" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவேன்.

கதைகளை அனுப்பும் நாளில் உனக்குக் காய்ச்சல். அதுவரை எல்லாக் கவரையும் நீயே போய்ப் போட்டவள், அன்று, "டவுனுக்குத்தானே போறீங்க, பெட்டியில போட்டுருங்க" என்று என்னிடம் கொடுத்தாய். பஸ்ஸில் அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். தாள்களுக்கு நடுவில் இன்னொரு கவர் இருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. கவருக்குள் எதற்கு ஒரு கவர்? சாருக்கு மட்டும் தனியாக என்ன எழுதினாள்?

நான் போடவில்லை. திரும்பக் கொண்டுவந்து, குவாரியில் போட்டிருந்த பழைய ஹெல்மெட்டுக்குள் சொருகிப் பரணில் ஏற்றிவிட்டேன். "போட்டீங்களா?" என்றாய். "போட்டாச்சு, போட்டாச்சு" என்றேன்.

தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவாய். "போன் பண்ணிக் கேளேம்மா" என்று பொண்ணு சொன்னாள். "புடிச்சிருந்தா அவரே எழுதியிருப்பாரு. புடிக்கலைன்னு வேற அவரு வாயால கேக்கணுமா?" என்றாய். அப்புறம் நோட்டை மூடிவிட்டாய். குழம்பு சூடாக வந்தது. நான் ஜெயித்துவிட்ட மாதிரி பிசைந்து தின்றேன்.

இந்த வருஷம் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் பரணில் இருந்து அதை இறக்கிப் பிரித்தேன். நடுவில் இருந்த கவரைத்தான் முதலில் எடுத்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கவர். தபால் தலை ஒட்டி, மேலே உன் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். உன் பெயர். அதற்குக் கீழே 'கலியமூர்த்தி வீடு'. அதற்கும் கீழே நம்ம தெரு.

வகுப்பு எடுக்கும் டீச்சரம்மாவிடம் ஓடினேன். "கதை புடிக்கலைன்னா திருப்பி அனுப்பணும்ல தாத்தா? அதுக்கு நம்ம விலாசத்தை எழுதி நாமளே ஒரு கவர் வைக்கிறது. எல்லாரும் வைப்பாங்க" என்றாள்.

உன் கையால் எழுதிய என் பெயரை அன்றுதான் முதல் தடவையாகப் படித்தேன்.

பத்துக் கதையும் படிக்க எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று. நீ எந்த இடத்தில் சிரித்திருப்பாய் என்று தேடிக்கொண்டே படித்தேன். கண்டுபிடித்துவிட்டேன். சிமெண்ட் லாரியை நிறுத்தி நத்தை, "கடலுக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்று கேட்கிறதே, அந்த இடம்தானே? ஆனால் ஒன்று கேட்கிறேன். நத்தைக்கு மூன்று கதை, காக்காவுக்கு இரண்டு, லாரிக்குக்கூட ஒன்று. நத்தையைக் கொண்டுவந்தவனுக்கு ஒரு வரி கிடையாதா? அந்த லாரியைப் பார்த்தால்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

புதுக் கவர் வாங்கி, சார் விலாசத்தை நானே எழுதி, நான் செய்ததை மட்டும் நாலு வரியில் எழுதி உள்ளே வைத்துப் போட்டேன். கதைகளைத் தபாலில் விட மனசு வரவில்லை. சில நாளில் சாரே வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைவிட வயசானவர் பவுனு! கையில் தடி, காதில் மிஷின். நீங்கள் இரண்டு பேரும் ஒரு நாள்கூட நேரில் பார்த்ததில்லை என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

"ஒரு வருஷம் பாத்தேங்க. அம்மாவுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்ல போலன்னு விட்டுட்டேன்" என்றார். தலை குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக் கதைகளைப் படித்தார். லாரி வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. பதினேழு நாள் தேடி நான் கண்டுபிடித்த இடத்துக்கு, ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் போய்விட்டாரே!

புத்தகம் வரப்போகிறது. முன்பக்கத்தில் உன்னைப் பற்றி ஏதாவது எழுதச் சொன்னார். இதைத்தான் எழுதப்போகிறேன் என்றேன். "அப்படியே போட்டா ஊரே படிக்குமேங்க" என்று தயங்கினார். படிக்கட்டும். கதை நன்றாக இல்லை என்று நினைத்துக்கொண்டே நீ கண்ணை மூடிவிட்டாய். மோசம் கதை இல்லை, நான்தான் என்று பிள்ளைகளுக்கும் தெரியட்டும். நீ மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அடுத்த வாரம், பிழை பார்க்க அச்சுத் தாள் வருமாம். ஒரு எழுத்து விடாமல் படித்து, கவரில் வைத்து ஒட்டி, அரியலூர் பெரிய போஸ்ட் ஆபீஸ் பெட்டியில் போடுவேன். அது உள்ளே விழும் சத்தம் கேட்கும் வரை அங்கேயே நிற்பேன். கேட்டது என்று அன்றைக்கே உனக்கு எழுதுகிறேன்.

பொறாமை இன்னும் தீராத
உன் வீட்டுக்காரன்,
கலியமூர்த்தி