அண்ணையிடம் கேட்ட பத்துக் கேள்விகள்

12.11.78 ஞாயிறு
விடியவே மழை. மயிலிட்டிக்கு, அண்ணை வீட்டுக்குப் போனேன். கடலுக்கு ஒருவரும் இறங்கவில்லை.
அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து ஐந்து மாதம். கைகால் தேறிவிட்டது, ஞாபகம்தான் தேறவில்லை. வழமையான பத்துக் கேள்வி. சரி: 3. போன கிழமை 4. மீன் படத்தைக் காட்டி “இது என்ன?” என்றேன்.
“அறக்குளா. இவ்வளவு படிச்சும் உனக்கு இது தெரியாதோ?”
சிரிப்பு வந்துவிட்டது. கடைசிக் கேள்வி: “நான் ஆர்?”
“தம்பி.”
அப்பாடா. என்னைப் படிப்பிக்கவென்று பதினாலு வயதில் கடலுக்குப் போன மனுசன். அந்தப் பதிலும் ஒருநாள் போய்விடுமோ என்று பயம். கேட்டுக்கொண்டே இருந்தால் மறக்கமாட்டார்.
வாங்க வேண்டியது: ஆய்வுகூட எலிக்குச் சோளம், மரத்தூள், சவர அலகு.

14.11 செவ்வாய்
ஆய்வுகூடம். மணி அடித்ததும் எலிக்குச் சிறு மின்னதிர்ச்சி. பயத்தை எப்படிப் பழகுகிறது என்று பார்க்க. ஏழாம் எலி மணிக்கு முன்னமே மூலையில் ஒடுங்குகிறது. விரிவுரையாளர் மனோன்மணி சொன்னா: “சேர், அது மணிக்கில்லை. உங்கடை செருப்புச் சத்தத்துக்குப் பயப்பிடுது.”
மூன்று கிழமைப் பதிவும் பாழ். சரியான எரிச்சல்.

17.11 வெள்ளி
அண்ணி பல்கலைக்கழக வளாகத்துக்கே வந்துவிட்டா. முதல்முறை.
“தம்பி, குறை நினையாதேங்கோ. உங்கடை கார்ச் சத்தம் கேட்டால் மனுசன் வலைக்குப் பின்னாலை போய் ஒளிக்கிறார். சனிக்கிழமையே சாப்பாடு இறங்குதில்லை.”
“ஏன் அண்ணி?”
“உங்களுக்கு முன்னாலை பிழை விட வெக்கம்.”
ஐயோ. எலியின் பயத்தை எழுதி வைத்தேன். அண்ணையின் பயம் கண்ணில் படவில்லை. நானெல்லாம் ஒரு பேராசிரியர்!

19.11 ஞாயிறு
வெயில். காரைச் சந்தியில் விட்டுவிட்டு நடந்தேன். கேள்விக் கொப்பி, படங்கள் ஒன்றும் எடுக்கவில்லை.
அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வாங்கோ, இருங்கோ.”
என்னை ஒருநாளும் ‘வாங்கோ’ என்றதில்லை. நான் ஆர் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை.
“சாப்பிட வந்தனான்,” என்றேன்.
சோறு, சூடை மீன் குழம்பு. அண்ணை முள்ளை எடுத்து எடுத்து, மீனை என் சோற்றில் வைத்தார். தானும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு குரலைத் தணித்து:
“என்ரை தம்பி ஒருத்தன் பெரிய இடத்திலை படிப்பிக்கிறான். கண்டால் இப்பிடி வந்து சாப்பிடச் சொல்லுறீங்களோ? வந்தால் நெடுகக் கேள்விதான். ஒருநாளும் என்னோடை இருந்து சாப்பிடுறானில்லை.”
“சொல்லுறன்,” என்றேன்.
அண்ணி எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டா.