பெரியவனை விற்ற சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். ஏழு வாரமாக நீ “நல்லாத்தான் இருக்கேன்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லாததால் நம்பத்தான் முடிகிறது.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நான் கூப்பிட்டால் எடுக்கிறாய். ஆனால் ‘அப்பா’ என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் “கிளாசுக்கு நேரமாச்சு” என்று வைத்துவிடுகிறாய். பல் மருத்துவக் கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமையும் கிளாஸ் நடக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் எதையும் முழுக்கப் படிக்காமல் கிழிக்கிற பழக்கம் உனக்குக் கிடையாது.

முதலில் சில்லறைச் செய்திகள். அரையாண்டுத் தேர்வில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் நன்றாகச் செய்திருக்கிறேன். கணக்கைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதுவதாக இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. அம்மா வேலை பார்க்கும் தையல் கடைக்குப் புதிதாக இரண்டு மெஷின் வந்திருக்கின்றன. உன் அறையில் நான்தான் படிக்கிறேன். உன் மேசை இழுப்பறையைத் திறக்கவில்லை. ஒரு முறை திறந்தேன், பேனா எடுக்க.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பைக்கை விற்று ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதைப் பற்றித்தான்.

உனக்கு என்ன தெரியுமோ அது எனக்கும் தெரியும். நீ பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்ததால் அந்த பைக்குக்குப் பெரியவன் என்று பெயர் வைத்து, “நீ ரெண்டாவதுதாண்டி” என்று சொல்லிச் சொல்லி உன்னை அழவைத்தவர் அவர். உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். “நான் ஓட்டறத நிறுத்துற அன்னிக்கு இவன் உனக்குத்தான்” என்று வாக்குக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெரியவனை யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டார். “இந்த வயசுல சிவப்புக் கார் கேக்குதா உங்களுக்கு?” என்று நீ கேட்டாய். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நீ இன்னும் கோபமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

உனக்குத் தெரியாததும் இருக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அப்பாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை இப்போது மீறுகிறேன். நான்கு நாள் யோசித்துவிட்டுத்தான் மீறுகிறேன்.

அப்பாவின் வலது கையில் மூன்று விரல்களுக்கு உணர்வு இல்லை. இடது கையிலும் தொடங்கியிருக்கிறது.

நான் கவனித்த வரிசையில் எழுதுகிறேன். போன வருடக் கடைசியில் வாட்டர் பாட்டில் மூடியைத் திறக்க என்னிடம் நீட்ட ஆரம்பித்தார். “உன் கைக்கு வேலை குடுக்கறேன்” என்பார். பிறகு சாவி கீழே விழுவது அடிக்கடி நடந்தது. காலையில் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்தால் விரல்கள் நுனியிலிருந்து பாதி வரை சாக்பீஸ் மாதிரி வெளுத்திருக்கும். அவற்றை அக்குளில் வைத்துக்கொண்டு நாளிதழைத் தரையில் விரித்துப் படிப்பார். நான் பார்த்தால் “தரையில உக்காந்தா முதுகுக்கு நல்லது” என்பார்.

பைக் விஷயம் இதற்கு நடுவில். முன் பிரேக் வலது கையில்தானே இருக்கிறது. பிடித்திருக்கிறோமா விட்டிருக்கிறோமா என்பதே அவர் கைக்குத் தெரியவில்லை. அதற்கு அப்பா என்ன செய்தார் என்று நினைக்கிறாய்? நம் அப்பா செய்யக்கூடியதைத்தான் செய்தார். டாக்டரிடம் போகவில்லை. கொட்டகையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முன் பிரேக்கையும் கால் பிரேக்கோடு சேர்த்துக் கம்பி இழுத்துக் கட்டிவிட்டார். ஒரே மிதி, இரண்டு சக்கரமும் நிற்கும். “புது டெக்னாலஜி” என்று என்னிடம் மட்டும் காட்டினார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மழை விட்ட ஒரு காலையில் என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோனார். பேக்கரி இறக்கத்தில் மிதித்தார். முன் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டது. மெதுவாகத்தான் வந்தோம், அதனால் பக்கவாட்டில் சரிந்ததோடு சரி. என் முழங்கால் சிராய்ந்தது. புத்தகப் பை என்னைக் காப்பாற்றியது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என்னைத் தூக்கி நிறுத்திய பிறகு வண்டியைத் தூக்காமல் நின்றுகொண்டே இருந்தார். பேக்கரிக்காரர் வந்துதான் தூக்கினார்.

வீட்டில் என்ன சொல்வது என்று நடந்துகொண்டே பேசினோம். “நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடலாம்மா” என்றார். நான் பொய் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும். அன்றும் சொல்லவில்லை. அம்மா கேட்டபோது “அங்க ஒரு நாய் இருந்துச்சு” என்றேன். இருந்தது. பேக்கரி வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் விழுந்த சத்தத்துக்கு ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்தது. அம்மா என் முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே “என்ன நிறம்?” என்று கேட்டார். பழுப்பு என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அப்பா என்னை அரை நாள் லீவு போடச் சொல்லி டாக்டரிடம் அழைத்துப்போனார். துணைக்கு என்றார். போன பிறகுதான் புரிந்தது, அங்கே நான்கு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும், அவரால் பேனாவை அவ்வளவு நேரம் பிடிக்க முடியாது. டாக்டர் வயதில் சின்னவர், ஒரு பெண். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, குண்டூசி முனையால் விரல்களைத் தொட்டு “எந்த விரல் சார்?” என்று கேட்டார். அப்பா சரியாகச் சொன்னது கட்டைவிரல் மட்டும். ஒரு முறை டாக்டர் எதையும் தொடவே இல்லை. அப்பா தெளிவாக “நடுவிரல்” என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

வார்ப்பட ஆலையில் இருபத்திரண்டு வருடம் கிரைண்டிங் மெஷினைப் பிடித்ததால் வந்தது என்றார் டாக்டர். அந்த அதிர்வு விரல் நரம்புகளைக் கெடுத்துவிட்டதாம். போனது திரும்பாது, இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம். மெஷினும் வேண்டாம், பைக்கும் வேண்டாம் என்றார். “பைக் என்னங்க பண்ணுச்சு?” என்றார் அப்பா. அதுவும் அதிர்கிறது, அதைவிட முக்கியம் பிரேக் கையில் இருக்கிறது என்றார் டாக்டர். காரில் பிரேக் காலில் இருப்பதால் கார் ஓட்டலாம் என்று தாளில் எழுதியும் கொடுத்தார். அந்தத் தாள் காரின் டாஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது.

ஆலையில் அவரை கிரைண்டிங் பிரிவிலிருந்து கருவிகள் எடுத்துக்கொடுக்கும் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ‘புரமோஷன்’ என்று அப்பா உன்னிடம் சொன்னது அதைத்தான். மறந்துவிட்டுப் போன டிபன் பாக்சைக் கொடுக்க நான் ஒரு நாள் போனேன். வரிசையாக நம்பர் ஒட்டிய அலமாரிகள், ஒரு கம்பி ஜன்னல், பின்னால் ஸ்டூலில் அப்பா. வெளியே மரத்தடியில் அவருடைய பழைய கூட்டாளிகள் சத்தம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்திலும் யாராவது ஸ்பேனர் கேட்பார்கள் என்று அப்பா உள்ளேயே இருக்கிறாராம். நான் இருந்த இருபது நிமிடத்தில் யாரும் கேட்கவில்லை.

சரி, அப்படியானால் சாதாரணக் கார் ஒன்று வாங்கியிருக்கலாமே, ஏன் ஸ்போர்ட்ஸ் கார்? இதுதான் என்னை நீண்ட நாள் குழப்பியது. வண்டிக்குப் பத்தொன்பது வயது. சிவப்பு அங்கங்கே வெயிலில் வெளுத்திருக்கிறது. துணிக்கூரையை மடக்கினால் வானம் தெரியும். முதல் நாள் எதிர்வீட்டு மாமா வேலியில் சாய்ந்துகொண்டு “என்ன சார், ரெண்டாவது கல்யாணமா?” என்றார். அப்பா, “மொதக் கல்யாணத்துக்கே இப்பத்தான் சார் வண்டி கெடச்சிருக்கு” என்றார். தெருவே சிரித்தது. அம்மாவும்தான். அன்று முழுக்க எல்லோரும் காரைப் பற்றித்தான் கேட்டார்கள். ஏன் பைக் ஓட்டுவதில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. வாங்கியது ஒரு சாதுவான வெள்ளைக் காராக இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது அவரே சொன்னார்: “நான் ஓட்டறத நிறுத்தல. மாத்திக்கிட்டேன், அவ்வளவுதான்.” அக்கா, அவர் உனக்குக் கொடுத்த வாக்கில் ‘நிறுத்துற அன்னிக்கு’ என்றுதானே இருந்தது. பெரியவனை உன் கையில் கொடுத்தால் அந்த நாள் வந்துவிட்டது என்று ஆகிவிடும். அதனால்தான் கொடுக்கவில்லை என்று நான் முதலில் நினைத்தேன். அது பாதி உண்மைதான்.

காரை அவர் நாற்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை. இறக்கம் வந்தால் சைக்கிள் பசங்கள் எங்களை முந்திக்கொண்டு “தாத்தா, கியர் போடுங்க” என்று கத்திவிட்டுப் போகிறார்கள். அவர் கவலைப்படுவதில்லை. கையுறை போட்டுக்கொண்டு, கூரையைத் திறந்துவிட்டு, காற்று முகத்தில் படும்படி நிமிர்ந்து உட்காருகிறார். உண்மையிலேயே அவருக்கு அந்த வண்டி பிடித்திருக்கிறது. நடிப்பு என்று நினைத்துவிடாதே.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று அப்பா நினைக்கிறார். நானும் நினைத்தேன். டாக்டர் சொன்ன நோயைப் பற்றிப் படிக்க நூலகத்துக்குப் போனேன். மருத்துவக் கலைக்களஞ்சியத்தில் எனக்கு வேண்டிய தொகுதி மட்டும் வெளியே போயிருந்தது. பத்து நாள் காத்திருந்தேன். வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அடையாளத்துக்குச் செருகிய ஒரு சீட்டு எடுக்கப்படாமலே இருந்தது. அம்மா கடையில் துணி அளவு எழுதும் சீட்டு, அம்மாவின் கையெழுத்து. அந்த மாதமே அப்பாவின் சட்டைகளில் பட்டன்கள் எல்லாம் போய், அழுத்தினால் மூடிக்கொள்ளும் டிச் பட்டன்கள் வந்துவிட்டன. “இப்ப எல்லாரும் இதைத்தான் போடறாங்க” என்று அம்மா சொன்னார். அப்பா மட்டும்தான் போடுகிறார், நான் கவனித்துவிட்டேன்.

டாக்டர் அறையில் நடந்த ஒன்றை வேண்டுமென்றே எழுதாமல் வைத்திருந்தேன். எல்லாம் முடிந்து எழுந்த பிறகு அப்பா திரும்பவும் உட்கார்ந்தார். “எம் மூத்த பொண்ணு பல் டாக்டருக்குப் படிக்கிறா. என் பைக்க அவளுக்குத் தர்றதா இருக்கேன். அவளுக்கும் இப்படி ஆகுமா?” என்று கேட்டார். டாக்டர் சிரித்து, அப்படியெல்லாம் ஆகாது, உங்களுக்கு வந்தது மெஷினால், பைக்கால் இல்லை என்றார். “கொஞ்சம்கூட ஆகாதா?” என்றார் அப்பா. பழைய வண்டி, அதிர்வு அதிகம், தினமும் பல மணி நேரம் ஓட்டினால் யாருக்கும் நூறு சதவீதம் சொல்ல முடியாது, ஆனால் பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். இந்த வாக்கியத்தில் கடைசி மூன்று சொற்களை அப்பா கேட்கவில்லை.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து தான் இழுத்துக் கட்டிய கம்பியைக் கழற்றி, பிரேக்கைப் பழையபடி மாட்டினார். பள்ளி விட்டு வந்து ஒவ்வொரு நட்டையும் நான்தான் முடுக்கினேன். சனிக்கிழமை காலை பெரியவனை விற்றுவிட்டார். “அக்காவுக்கு வெரல்தாம்மா எல்லாம்” என்றார். அதை உன்னிடம் சொல்லிவிடலாமே என்றேன். “சொன்னா பரிட்சைய விட்டுட்டு ஓடி வருவா. வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு, நோயாளி வாயப் பாக்கற மாதிரி பாப்பா” என்றார்.

அதனால் நீ வந்தால் அப்படிப் பார்க்காதே. டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்பதையும் விளக்காதே, நான் விளக்கிப் பார்த்துவிட்டேன். காரின் நிறத்தைத் திட்டு. நாற்பதில் போவதைத் திட்டு. உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேள்.

உனக்கு லீவு விட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வருகிற ரயிலை எழுது. காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும், அதனால் ஸ்டேஷனுக்கு அப்பா மட்டும்தான் வருவார். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அம்மா சரி என்றார்.

அதற்கு முன் ஒரு தடவையாவது அவருக்குப் போன் செய். போன மாதம் ஒரு ஞாயிறு காலை நீ செய்தாய், ஐந்தாறு முறை அடித்து நின்றுவிட்டது. அவர் எடுக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரில் விரல்கள் வெளுத்துப்போய், போனை எடுக்கும் பச்சைப் பொத்தானைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை. நான் மாடியிலிருந்து ஓடி வருவதற்குள் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டுத் தரட்டுமா என்றேன். “வேணாம், வேலையா இருப்பா” என்றார்.

நீ கூப்பிடும்போது மணி கொஞ்சம் அதிக நேரம் அடிக்கும். வைத்துவிடாதே, அக்கா.

உன் பத்து விரல்களும் படிப்பும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,
உன் தங்கை